கரிசல் மண் பொம்மை

"சாமிக்கு விரிசல் விட்ட பிள்ளையத்தான் வச்சிட்டு வந்தேன், மதினி."

வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசி வரும் பஸ்சில், என் முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நேர்த்திக்கடன் மண்பொம்மையைச் சொல்கிறாள்.

"மண்பொம்ம செய்யுற வேளார்கிட்ட வாங்கலையா?"

"வாங்குனா யாருக்குன்னு கேப்பாரு. மகளுக்குப் பிள்ளையில்லன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். காட்டுக் கரிசல எடுத்து நானே பிடிச்சுச் சுட்டேன்."

"கரிசல் காஞ்சாலே வெடிச்சிருமே. கம்மாக் களிமண்ணுல மணல் சேத்துல்ல பிடிக்கணும்."

"முதுகுல விரிசல். கோயில்ல அதச் சொவத்துப் பக்கமாத் திருப்பி வச்சேன்."

"விடுங்க, சாமி மனசத்தான் பாக்கும்."

அவள் குரல் இறங்கியது.

"சாமியில்ல மதினி, கூட வந்த மக பாத்துட்டா. விரிசல் எல்லாருக்கும் தெரியுறாப்புல பொம்மையத் திருப்பி வச்சிட்டு, 'என்னைய மறைச்சது போதும்மா'ன்னா."