நாலு வீல் தெரியாத பளீல் நானா

கிருஷ்ணகுமாரி: கண்ண மூடாதீங்க! இங்க பாருங்க... என்னயப் பாருங்க.

நாகலிங்கம்: மூடல்ல புள்ள. இமை தானா விழுது.

பளீல்: நாகலிங்கம், தூங்கிராத. இந்தச் சின்ன லிவர் எதுக்கு? நீதானே தோட்டத்துத் துரையோட பிக்கப்ப ஒம்பது வருஷம் ஓட்டின ஆள். சொல்லு.

நாகலிங்கம்: என்ன பளீல் நானா... சொந்த வண்டியில உள்ள லிவர என்கிட்ட கேக்குறீங்க?

பளீல்: நான் கடைச் சாமான் ஏத்துறவன். எனக்கு தார் ரோடுதான். சேறு ஆகாது.

கிருஷ்ணகுமாரி: சொல்லுங்களேன். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போறதா, இல்ல ரப்பர் மலையிலேயே ஒக்காந்திருக்கிறதா?

நாகலிங்கம்: அது நாலு வீல் லிவர். ராத்திரி மழைக்கு இந்த எறக்கம் சோப்பு மாதிரி இருக்கும். கிளச்ச மிதிச்சி, லோவுல போடுங்க. அப்புறம் ஃபஸ்ட் கியர்.

பளீல்: போட்டேன். பிரேக்க மிதிச்சிக்கிட்டே எறங்கவா?

நாகலிங்கம்: ஐயோ! பிரேக்கத் தொட்டா வீல் நின்னுரும், வண்டி வழுக்கிக்கிட்டுப் போயிரும். கிளச்சும் வேணாம். ரெண்டு காலையும் எடுத்துருங்க. எஞ்சினே புடிச்சிக்கும்.

பளீல்: ரெண்டு காலையும் எடுத்துட்டு நான் என்னத்தச் செய்யிற?

நாகலிங்கம்: ஸ்டியரிங்கப் புடிங்க. ஒங்க அல்லாவையும் கூப்பிடுங்க.

பளீல்: அவன எப்பவோ கூப்பிட்டாச்சு. நீ ஒன் முருகனக் கூப்பிடு.

கிருஷ்ணகுமாரி: நான் ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... கால ஆட்டாதீங்கன்னு சொன்னேன்ல!

நாகலிங்கம்: ஆட்டல்ல. வீங்கிக் கனக்குது. அந்தக் கண்ணாடி விரி...

கிருஷ்ணகுமாரி: பேரச் சொல்லாதீங்க! பூச்சின்னு சொல்லுங்க.

நாகலிங்கம்: சரி, பூச்சி. ரப்பர் பால் எடுக்கக் குனிஞ்சேன் நானா. மரத்தடிச் சருகுல கெடந்திச்சி. அதுவும் பாவம், நான்தான் மிதிச்சிட்டேன்.

பளீல்: கடிச்சதுக்கும் பாவம் பாக்குறியா நீ? ...யா அல்லாஹ், பின்பக்கம் வழுக்குது!

நாகலிங்கம்: பிரேக்க மிதிச்சீங்களா?

பளீல்: இல்ல, இல்ல.

நாகலிங்கம்: நல்லது. பின்பக்கம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே திருப்புங்க. எக்ஸலேட்டர் கொஞ்சமா... பூ மாதிரி.

பளீல்: நேராகிருச்சு.

கிருஷ்ணகுமாரி: பாத்தீங்களா, நீங்க இல்லாட்டி இந்நேரம் கான் பள்ளத்துல கெடப்போம். ...என்னங்க? என்னங்க!

பளீல்: நாகலிங்கம்! முன்னால ஓடை ஈக்கு. வேகமா அடிக்கவா, மெதுவா போகவா? தம்பி, சொல்லு!

நாகலிங்கம்: ...மெதுவா. பாஞ்சா எஞ்சினுக்குள்ள தண்ணி போயிரும். நடுவுல நிப்பாட்டாதீங்க... கியரும் மாத்தாதீங்க.

பளீல்: கியர் ஏன் மாத்தக் கூடாது?

நாகலிங்கம்: நானா... எனக்கு நாக்கு தடிக்குது.

கிருஷ்ணகுமாரி: தடிச்சாலும் சொல்லுங்க! மனுசன் கேக்குறாருல்ல?

நாகலிங்கம்: மாத்துற நேரம்... இழுவை விட்டுப் போகும். நடு ஓடையில நின்னுருவோம்.

பளீல்: அப்ப மாத்தல்ல. அப்படியே போறோம்... போறோம்... ஆ, தாண்டிட்டோம். அல்ஹம்துலில்லாஹ்!

கிருஷ்ணகுமாரி: தார் ரோடு தெரியுது. கேளுங்க நானா, கேளுங்க!

பளீல்: நாகலிங்கம், இதே நாலு வீல்ல பறக்கவா?

நாகலிங்கம்: வேணாம்... காஞ்ச ரோட்டுல வளையிற எடத்துல முறுக்கும்... கியர் ஒடையும். ஒரு நிமிஷம் நிப்பாட்டி... ரெண்டு வீலுக்கு மாத்துங்க.

பளீல்: மாத்தியாச்சு. இன்னும் பத்து நிமிஷம். எங்க, மொதல்லருந்து ஒருக்கா சொல்லு. எறக்கத்துல?

நாகலிங்கம்: லோ...

பளீல்: கால்?

நாகலிங்கம்: ரெண்டும்... மேல.

பளீல்: ஓடையில?

நாகலிங்கம்: ஓடையில...

கிருஷ்ணகுமாரி: ஓடையில என்னங்க? சொல்லுங்க... சொல்லுங்க சாமி!

நாகலிங்கம்: ...மெதுவா.

பளீல்: ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள வந்திட்டோம்! மிஸ், இக்மனட்ட, சீக்கிரம்! ட்ரொலிய கேன்ன, ட்ரொலி கொண்டு வாங்க! பாம்பு கடிச்சீக்கு!

கிருஷ்ணகுமாரி: இந்தா, ஓடி வாறாங்க. ஊசி இருக்காம்... என்னங்க, கோவிச்சுக்காதீங்க. நானாவுக்கு எல்லாம் தெரியும். நீங்க தூங்கிரக் கூடாதுன்னு நான்தான் கேட்டுக்கிட்டே வரச் சொன்னேன்.

பளீல்: இருவது வருஷமா அந்த லிவரப் போடுறேன் தம்பி. மன்னிச்சிக்க.

நாகலிங்கம்: தெரியும் நானா... காலையில அதே சேத்துல ஏறி வந்த மனுசனுக்கு எறங்கத் தெரியாதா? நான் பேச்ச நிப்பாட்டினா இவ பயந்துருவா... அதான், நானும் ஒங்களுக்குத் தெரியாதுன்னு நம்பின மாதிரியே சொல்லிக்கிட்டு வந்தேன்.