அம்மா மெதுவாகத்தான் தட்டுவாள்

மனுஷனுக்குத் தீர்வுகூட அப்புறம்தான் மேடம், முதலில் ஒரு பதில் வேண்டும். துணிமணி விற்கிற ஒரு இணையக் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் தட்டுவதுதான் என் வேலை. சட்டை சின்னது, சாயம் போய்விட்டது என்று ஆள் கொதித்துப்போய் வருவார். நிமிஷத்துக்குள் "உங்கள் கவலை புரிகிறது" என்று அனுப்பிவிட்டால் பாதிச் சூடு தணிந்துவிடும். சட்டை என்னவோ அப்படியேதான் இருக்கும். எங்கள் டீம் லீடர் புதுப் பிள்ளைகளிடம் என்னைத்தான் காட்டுவார், "இவன் கைவேகத்தப் பாருங்கடா" என்று.

என் தங்கையைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அம்மா என்னோடு. "அண்ணா, நீ பக்கத்துல இருக்கேங்கற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியா தூங்கறேன்" என்பாள் தங்கை. அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அதைக் காப்பாற்றத்தான் எல்லாமே செய்தேன்.

அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பப் பழக்கிவிட்டதும் நான்தான். பிடித்துக்கொண்டுவிட்டாள். தண்ணி நின்னுபோச்சு, பூனை வந்துட்டுப் போச்சு, சாப்டியா. வேலை நேரத்தில் சும்மா நொய்நொய்யென்று. சாயங்காலம் வீட்டுக்குத்தானே போகப்போகிறோம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

அன்று நான் போனபோது குளியலறை வாசலில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் இல்லை. தூக்கிக் கட்டிலில் போட்டுத் துடைத்துவிட்டேன். டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் அவர் முதலில் கேட்பது "எப்ப விழுந்தாங்க" என்பதுதான். தங்கை அடித்துப்பிடித்து வந்து அவளும் அதையே கேட்பாள். ரெண்டு நாள் போகட்டும், தேறிவிடுவாள் என்று நினைத்தேன். அப்போது அம்மாவின் போனில் தங்கையிடமிருந்து வந்தது, "சாப்டியாம்மா?"

பதிலை நான் தட்டினேன். ஆனால் உடனே அனுப்பவில்லை. அம்மா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறவள். ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். அதனால் தட்டி வைத்துக்கொண்டு, அவளுக்குப் பால் புகட்டிவிட்டு, பிறகு அனுப்பினேன். "சாப்டேன் கண்ணு." பேசக் கூப்பிட்டால், "தொண்டை கட்டிருக்கு." தங்கை நம்பினாள். அந்தத் தாமதத்தைத்தான் நம்பினாள்.

ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. பால் உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிய ஆரம்பித்தது. போன் ஒலிக்கும்போதெல்லாம் அம்மா இடது கையை அதன் பக்கம் நீட்டுவாள். நான் நகர்த்தி வைப்பேன். வைத்துவிட்டு அடுக்களையில் போய் நின்று அழுவேன். குற்ற உணர்ச்சி இல்லாதவன் என்று மட்டும் என்னை நினைத்துவிடாதீர்கள்.

என் கைவேகம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. "மனசே சரியில்லம்மா, பயமா இருக்கு" என்று தங்கை அனுப்பினாள். விரல் தானாக ஓடிவிட்டது. "உங்கள் கவலை புரிகிறது." அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். பிறகு என் போனில் வந்தது, "அண்ணா, அம்மா எங்க?" தங்கை சொல்லி, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். காலையிலேயே அம்மாவின் மூச்சு நின்றுவிட்டிருந்தது. அதற்குப் பிறகும் அவளுக்காக நான் பதில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எப்போது விழுந்தாள் என்று நீங்களும் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அன்று காலை நான் வேலையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில். "விழுந்துட்டேன்பா எழுந்துக்க முடியல வா" என்று எனக்கு வந்தது. அத்தனையையும் இடது கையால் தட்டியிருக்க வேண்டும். நான் திறந்து படித்தேன். அப்போது ஒருவர் பொத்தான் அறுந்துவிட்டதென்று கத்திக்கொண்டிருந்தார், அவரைச் சமாதானப்படுத்தினேன். பிறகு அடுத்தவர். சாயங்காலம் போகத்தானே போகிறோம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். நான் படித்ததற்கு அடையாளமாக அவள் போனில் நீல டிக் விழுந்திருக்கும். பிள்ளை கிளம்பிவிட்டான் என்று நம்பித்தான் அம்மா பொழுது சாயும்வரை அங்கே கிடந்திருப்பாள்.

இன்னும் ஒன்று, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். என் தங்கையை மட்டும் நான் ஒருநாளும் பதிலில்லாமல் தவிக்கவிட்டதில்லை.