எங்களை மறுத்த துண்டறிக்கைக்கு நான் பார்த்த புரூஃப்

மேடையில் இருக்கும் ஆயர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, நடைவழிக்கு இந்தப் பக்கம் ஒரு சபையும் அந்தப் பக்கம் ஒரு சபையுமாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வணக்கம்.

மறைந்த அச்சகத்து அண்ணனைப் பற்றி அவர் நினைவுக் கூட்டத்தில் வாளிக்கடைக்காரன் எதற்குப் பேச வேண்டும் என்று வாசலிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர் பிதா, குமாரன், ஆவியானவர் என்ற மூவொரு கடவுளை நம்பும் சபையின் மூப்பர். நான், பிதா ஒருவரே கடவுள், இயேசு அவருடைய குமாரன் என்று நம்பும் சிறு கூட்டத்தைச் சேர்ந்தவன். கடைசிவரை அவரும் மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனாலும் நான்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்று அவரை நான் தப்பாகச் சொல்லிவிட்டால் திருத்த அவர் இல்லை. அந்தப் பயத்தோடுதான் நிற்கிறேன்.

அவர் சபை இளைஞர்கள் எங்களை மறுத்து ஒரு துண்டறிக்கை எழுதி அவரிடமே அச்சுக்குக் கொடுத்தார்கள். வந்த வேலையை அப்படியே அச்சடித்து அனுப்பியிருக்கலாம். அவர் என்ன செய்தார்? மை காயாத புரூஃபோடு என் கடைக்கு வந்தார். வாளி அடுக்கை நகர்த்திவிட்டு, கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் உட்கார்ந்தார்.

"உங்க கொள்கைய இதுல சரியா எழுதியிருக்காங்களான்னு பாருங்க தம்பி."

பார்த்தேன். இயேசு வெறும் மனிதர் என்று நாங்கள் சொல்வதாக இருந்தது. நாங்கள் அதோடு விட்டுவிடுவதில்லை. கடவுள் உயிரோடு எழுப்பித் தம் வலது பக்கத்தில் அமர்த்திய ஆண்டவர் அவர் என்கிறோம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்னை அடிக்கிற தாளுக்கு நானே பிழை திருத்தணுமாண்ணே?"

"வைக்கோல் பொம்மைய அடிச்சு எங்களுக்கு என்ன பெருமை? நீங்க எப்படி நிக்கிறீங்களோ அப்படியே எழுதிக் குடுங்க. அப்புறம் அடிக்கிறோம்."

எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தது. ஐயா, முன்பைவிடப் பலமாக அடித்திருந்தார்கள்! என் கூட்டத்தார் என்னை உலுக்கி எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடும் அவர் சபைக்காரர்கள், அந்தத் தாளும் கையுமாகக் கடைக்கு வந்து கேள்வி கேட்டார்கள். நாங்கள் என்ன நம்புகிறோம் என்று முதன்முதலாக ஒருவர் கேட்டது அப்போதுதான். அதற்கு நான் பட்ட கடன் நன்றிக்கடன்.

நாங்களும் பதில் எழுதினோம். "மூன்று கடவுள்களை வணங்குகிறவர்களே" என்று தொடக்கம். அதை நானே அச்சகத்துக்கு எடுத்துப்போனேன். அண்ணன் அந்த ஒரு வரியை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டு, தாம் நம்புவதை நிதானமாகச் சொன்னார். அந்தப் பதிலை அச்சடித்துக் கொடுத்ததும் அவரேதான்.

இனி அடுத்தவர் நம்பிக்கையைப் பற்றி எங்கள் பக்கத்திலிருந்து எந்தத் தாள் வந்தாலும், அவர்களில் ஒருவர் பார்க்காமல் அச்சேறாது. இது என் வாக்கு. டிரம் அதே இடத்தில்தான் இருக்கிறது. யாராவது வந்து உட்காருங்கள்.

அன்று அச்சகத்தில் அண்ணன் சொன்னதை இப்போது என் கூட்டத்தார் காது கேட்கச் சொல்கிறேன். அண்ணி, பிழை இருந்தால் நிறுத்துங்கள்.

கடவுள் ஒருவரே. பிதா, குமாரன், ஆவியானவர் என்பது மூன்று கடவுள் அல்ல. உலகமே இல்லாதபோதும், நேசிக்க வேறு எவரும் இல்லாதபோதும், அந்த ஒரே கடவுளுக்குள் அன்பு இருந்தது. நம்மைப் படைத்த பிறகு அவர் அன்பைக் கற்றுக்கொள்ளவில்லை.

இதை நான் நம்பவில்லை. இதை நம்பி வாழ்ந்த அண்ணனை முழுதாக நம்பினேன்.

அண்ணி தலையசைக்கிறார்கள்.

திருத்தம் இல்லை அண்ணே. நன்றி.