வேல்ராஜ் பாக்கப் போன இறாலு

இல்ல அண்ணாச்சி, எனக்கு வடை வேண்டாம். நீங்க சாப்பிடுங்க. பனவடலிசத்திரம் பஸ்ஸுதான அது? போவட்டும், அடுத்ததுல போவோம். வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லலையே. கோமதித்தாய் சோறாக்கி வச்சுட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கும்னு தெரியும். புருசன் வேல்ராஜு செத்து மூணு மாசம் ஆவுது. அவன்கூட இருந்தவன் வாரேன்னா அந்தத் தங்கச்சிக்குக் கேக்கதுக்கு எம்புட்டோ இருக்கும். அதுக்கு முந்தி நீங்க கேட்டுக்கிடுங்க. வேல்ராஜுக்குக் கூடப்பொறந்த அண்ணன் நீங்க.

ஆடு மேய்க்கிற வீட்டுப் பயலுக்குக் கடலுக்கடியில என்ன சோலின்னு போன்ல கேட்டியள்லா. சொல்லுதேன். நான் கடையநல்லூர்லேர்ந்து மஸ்கட் போனது சிலிண்டர்ல காத்து அடைக்கிற வேலைக்கு. வெள்ளைக்காரங்களக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போயி மீனு காட்டுத கம்பெனி. ரெண்டு வருசத்துல நானும் முங்கப் படிச்சு, கூட்டிட்டுப் போற ஆளா ஆயிட்டேன். வேல்ராஜு வண்டி ஓட்டத்தான் வந்தான். கெணத்துல முங்கி வளந்தவன், தண்ணின்னா பயமே கிடையாது. அவனுக்குப் படிச்சுக் குடுத்தது யாரா? நாந்தான். வேற யாரு.

எல்லாரும் ஆமை எங்க, சுறா எங்கன்னு தேடுவாங்க. இவன் கல்லு இடுக்குல கண்ணை வச்சுக்கிட்டுக் கெடப்பான். வெரலு அளவு இறாலு ஒண்ணு இருக்கு. முதுகு ரத்தச் செவப்பு, நடுவுல வகிடு எடுத்த மாரி வெள்ளைக் கோடு. பெரிய வெலாங்கு மீனு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும், இது உள்ள போயி பல்லு இடுக்குல இருக்க அழுக்கத் தின்னுட்டு வரும். வெலாங்கு ஒண்ணும் செய்யாது. இவன் கையை நீட்டுவான். இவன் நகத்தையும் வந்து கொத்திக் கொத்திச் சுத்தம் பண்ணும். மேல வந்து, ஏலே அர்ஷத்து, பாருடே, கல்யாண மாப்பிள்ள கை மாரி இருக்குன்னு ஊரெல்லாம் காட்டுவான்.

மயிலு கலர்ல இன்னொண்ணு. பச்சை, ஊதா, ஆரஞ்சு எல்லாம் இருக்கும். கண்ணு ரெண்டும் தனித்தனியாச் சுத்தும். முன்னங்காலால ஒரு குத்து விட்டா நண்டு ஓடு செதறிரும். ஆபீஸ்ல ஒண்ணைக் கண்ணாடித் தொட்டியில விட்டு, அது குத்துன குத்துல தொட்டியே விரிசல் விட்டுப் போச்சு. சிரிக்கிய. நாங்களும் அன்னைக்கு அப்பிடித்தான் சிரிச்சோம்.

அவன் பாக்கணும் பாக்கணும்னு கெடந்தது வேற ஒரு இறாலு. வெள்ளை ஒடம்பு, அதுல ஊதாத் திட்டு, பூப்போட்ட சேலை மாரி. ஜோடியாத்தான் இருக்கும். அதுக்குத் தீனி நட்சத்திர மீனு மட்டும்தான். மல்லாக்கப் பொரட்டிப் போட்டு, கை நுனியிலேர்ந்து கொஞ்சங் கொஞ்சமாத் தின்னும். அந்த நட்சத்திர மீனு ஒடனே சாவாது அண்ணாச்சி. நாள்கணக்கா உசுரோட கெடக்கும். நான் படத்தைக் காட்டிச் சொன்னப்ப அவன் மொகம் சுருங்கிப் போச்சு. ஆனாலும் பாக்கணும்னான்.

அதுக எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. அதான் வெனை. ஒரு பாறைக்கு அடியில பாத்து வச்சிருந்தேன். வெள்ளிக்கெழம, லீவு. ஜும்மா முடிஞ்சு வந்து யாருகிட்டயும் சொல்லாம சின்னப் போட்டை எடுத்துட்டு ரெண்டு பேரும் போனோம். ஆமா, இம்புட்டும் போலீஸ்ல சொன்னதுதான். உங்களுக்கும் போன்ல சொல்லியிருக்கேன்.

தண்ணி அன்னைக்குச் சரியில்ல. பச்சையாக் கலங்கிக் கெடந்துது. கீழ போவப் போவ குளிரு எலும்பைப் பிடிக்கி. இருபத்தஞ்சு மீட்டர். அந்தப் பாறை மேல பழைய வலை ஒண்ணு விழுந்து கெடக்கு, மீன்காரங்க அறுத்து விட்டது. முந்துன வாரம் அது அங்கன இல்ல. மாட்டுன மீனு அழுகித் தொங்குது, நண்டு மொய்க்கி. நான் வேண்டாம்னு கையை ஆட்டுனேன். அவன் ரெண்டு வெரலைக் காட்டுதான், ரெண்டே நிமிசம்னு. நானும் சரின்னுட்டேன்.

பாத்துட்டான், அண்ணாச்சி. டார்ச்சை ஆட்டி என்னையும் கூப்பிட்டான். நட்சத்திர மீனுக்கு ரெண்டு கை போயி மூணு கைதான் மிச்சம், அது மேல அதுக ரெண்டும் ஏறி நிக்கி. அவன் அங்கனயே மறந்து போயிக் கெடந்தான். திரும்பையில சிலிண்டரு வலையில மாட்டிக்கிட்டு.

எங்கிட்ட இருந்த கத்தியால அறுத்தேன். மேல அறுத்தா கீழ கால்ல சுத்துது. மண்ணு கெளம்பி ஒண்ணும் தெரியல. பதட்டத்துல அவன் மூச்சை இழு இழுன்னு இழுத்து அவன் காத்து தீந்துபோச்சு. கையைக் கழுத்துல வச்சு வெட்டிக் காட்டுதான், காத்து இல்லன்னு அர்த்தம். எங்க சிலிண்டர்ல மஞ்சளா இன்னொரு வாய்க்கொழா தொங்கும், கூட வாரவனுக்கு ஆபத்துன்னா குடுக்கதுக்கு. அதை எடுத்து அவன் வாயில வச்சேன். ரெண்டு பேரும் ஒரே சிலிண்டர்ல மூச்சு விட்டோம்.

இல்ல, இதைப் போலீஸ்ல சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. எதுக்கு எந்திரிக்கிய? உக்காருங்க, முடிஞ்சுது.

அவன் மயங்கிட்டான், ஒண்ணும் தெரியாமப் போயிட்டான்னு தங்கச்சிகிட்ட நான் சொன்னேன்லா. அவன் மயங்கல. கண்ணாடிக்குள்ள முழிச்சு என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தான். வலையெல்லாம் அறுத்தாச்சு, இடது கால்ல ஒரு சுத்துதான் பாக்கி. ஒரு நிமிச வேலை. காத்து எம்புட்டு மிச்சம்னு காட்டுத மீட்டரு எங்கையில இருந்துச்சு, அதுல முள்ளு நாப்பதுக்கு எறங்கிட்டு. இந்த முள்ளு அம்பதைத் தொட்டா மேல ஏறிரணும்டேன்னு அவனுக்கு நூறு தடவ சொன்னவன் நான். ரெண்டு பேரு இழுக்க இழுக்க அது எறங்குதது கண்ணுக்குத் தெரியுது. அந்த முள்ளைத் தவிர எனக்கு ஒண்ணுமே தெரியல.

அந்த மஞ்சக் கொழாயை அவன் வாயிலேர்ந்து பிடுங்கிட்டேன். இந்தக் கைதான். பல்லால கடிச்சுக்கிட்டு இருந்தான், ரெண்டு தடவ இழுக்க வேண்டியிருந்துச்சு.

மேல வந்து போட்டைப் பிடிச்சுக்கிட்டு மீட்டரைப் பாத்தேன், அண்ணாச்சி. முள்ளு முப்பதுல நிக்கி. அந்த ஒரு சுத்தையும் அறுத்திருக்கலாம்.