காலர் மைக்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பேய்க்கு ராத்திரியில்தான் டூட்டி என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. உச்சி வெயில்... நாய்கூட நிழல் தேடி ஒதுங்கிவிட்ட நேரம். கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி ஒரு தெரு. அதில் தன்னந்தனியாக நடந்து போனாள் நம்ம தெரு அச்சாபீஸ்காரனின் சின்னம்மா. கையில் ஒரு சாவி.

அவள் தையல்காரி. புருஷன் போய்ச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. அவர் சர்ச்சில் சவுண்டுகாரர். அவர் கட்டிக் காத்த மைக் அறையின் சாவிதான் அது. திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார் போதகர்.

போதகருக்குப் போஸ்டரில் பட்டம் ‘அக்கினி நாவு’. ‘ஆண்டவரோடு அனுதினமும் முகமுகமாய்ப் பேசுகிறவர்’ என்று அதற்குக் கீழே. அவர் முகம் ஆளுயரம். ஆண்டவர் பெயர் பொடி எழுத்து. போதகருக்கு ஒரே ஒரு வியாதி. காலர் மைக்கை மாட்டினால் கழற்ற மறந்துவிடுவார். ஆராதனை முடிந்து தன் அறைக்குள் போய் யாரையாவது திட்டுவார், ஏப்பம் விடுவார்... அதற்குள் சவுண்டுகாரரின் விரல் பட்டனைக் கீழே இறக்கிச் சத்தத்தை அணைத்திருக்கும். அக்கினி நாவின் மானம் அந்த ஒற்றை விரலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சவுண்டுகாரர் படுத்த படுக்கையானபோது போதகர் வந்தார். தலையில் கை வைத்தார். “சகோதரி, எனக்குக் காட்டப்பட்டுச்சு. இவர் எழுந்து நடப்பார்.” அவள் நம்பினாள். இளைத்த உடம்புக்குத் தக்கபடி அவருடைய சட்டைகளைப் பிடித்துக்கூடத் தைத்து வைத்தாள். அவர் எழவில்லை. அடக்கம் முடிந்ததும் அதே போதகர், அதே குரலில்: “உங்க விசுவாசம் கொஞ்சம் குறைஞ்சு போச்சும்மா.”

அதாவது, நீதான் கொன்றாய்.

அப்புறம் அவளால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால், ‘நீரும் சேர்ந்துதானே என்னை ஏமாத்தினீர்?’ என்றுதான் வாயில் வந்தது. ராத்திரியெல்லாம் அந்த ஒரு கேள்வி. நான்தான் கொன்றேனா...

சர்ச்சில் ஈ காக்காய் இல்லை. மைக் அறையைத் திறந்தாள். சூடேறிய தூசி வாசனை... ரொம்ப நேரம் ஓடிய ஆம்ப்ளிஃபயரில் வருமே, அது. பிளக் கழன்று தரையில் கிடந்தது. ஆனாலும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

க்ர்ர்ர்... கூடத்துப் பெரிய ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது.

“...எனக்கு யாருப்பா காட்டினா? ஒண்ணும் காட்டல.” போதகரின் குரல். தன் அறையில் உட்கார்ந்து, போனில் யாரோ சக ஊழியரிடம் பேசுகிறார். “டாக்டர் தேறிடுவார்னாரு. நான் முந்திக்கிட்டேன். அந்த ஆளு செத்துத் தொலைச்சுட்டாரு. பழியை அந்தம்மா தலையில போடலேன்னா, அடுத்த கூட்டத்துக்கு எவன் வருவான்?”

அவள் கண்ணெதிரே, யாரும் தொடாமல், அந்தப் பட்டன்... மெல்ல... மேலே ஏறியது.

‘எவன் வருவான்’ சுவர் அதிர முழங்கியது. தன் குரலே தன்னைத் துரத்த, போதகர் வெளியே ஓடிவந்தார். “யாரு? யாரு ஆன் பண்ணது?”

“நீங்கதான் ஐயா. வழக்கம்போல மைக்கைக் கழட்ட மறந்துட்டீங்க.” அவள் மைக் அறை வாசலில் வந்து நின்றாள். “இப்ப சொல்லுங்க, யாருக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு?”

அவர் காலரைத் தடவினார். முகம் வெளிறிவிட்டது. “எங்கிட்ட ஏதும்மா மைக்கு? பெட்டியை மூடறப்ப... உங்க வீட்டுக்காரர் சட்டையில நான்தானே அதைக் குத்திவிட்டேன். மரியாதைன்னு... போட்டோகூட எடுத்தாங்க. நீங்க மயங்கிக் கிடந்தீங்க...”

ஸ்பீக்கரில் மறுபடி க்ர்ர்ர்... பிறகு அவள் புருஷனின் குரல். தணிந்து, சாவகாசமாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல. ஓர் இடைவெளி... இன்னொரு ஆண் குரல் பதில் சொன்னது. வார்த்தைகள் பிடிபடவில்லை. புருஷன் சிரித்தார்.

பெட்டிக்குள் வைத்தது ஒருத்தரைத்தான்.

அனுதினமும் முகமுகமாய்ப் பேசுகிறவர், அந்த இரண்டாவது குரலைக் கேட்டதும் செருப்பை விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். வாசல் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவளுக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனாலும் ஸ்பீக்கருக்கு எதிரே தரையில் அப்படியே உட்கார்ந்தாள். “ரெண்டு பேரும் நல்லா சிரிக்கிறீங்க,” என்றாள். “நான் ஒருத்தி இங்க கெடக்கேனே...” முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் சிரிப்பு நின்றது.

“கொஞ்சம் இருங்க,” என்றார் அவள் புருஷன், மற்றவரிடம். “அவ அழறா. முதல்ல அவகிட்ட பேசுங்க.”

துணி உரசும் சத்தம்... சட்டைக் காலருக்கு அருகே யாரோ குனிகிற மாதிரி. வெகு கிட்டத்தில் ஒரு மூச்சு.

பிறகு, அவளுடைய பெயர்.