ஒரு நாள் மட்டும் அறுக்கும் மிஷின்

"மரம் அறுக்கிற மிஷின் வாங்கப் போனா மூணு விஷயம் பாக்கணும்னு எங்க பெரியப்பா சொல்வாரு, தம்பி. மர மில்லுல முப்பது வருஷம் நின்ன மனுஷன். ஒண்ணு, தூக்கிப் புடிச்சா தோள்பட்டை முணுமுணுக்கக் கூடாது. ரெண்டு, ஓட ஆரம்பிச்சா சத்தம் ஒரே சீரா வரணும். மூணாவது... மூணாவதுதான் நாக்கு நுனியில வந்து நிக்குது, இறங்க மாட்டேங்குது. சரி, அது வர்றப்ப வரட்டும். இந்த ரெண்டுலயே உங்க சரக்கு தேறலையே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வழியும் இல்லை. மேஜைமேல் கிடந்த மிஷினின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு நட்டுகளையும் உதடுகளுக்கு நடுவே கவ்விப் பிடித்திருந்தார். கீழே வைத்தால் உருண்டுபோய் மரத்தூளில் காணாமல் போகும் என்பதால் வந்த பழக்கம். திறந்த மிஷினுக்குள் ஒரு முறை பார்த்தார். எதிரில் நின்றவரைப் பார்த்தார். மறுபடி மிஷினைப் பார்த்தார்.

எதிரில் நின்றவர் பஸ் டிக்கெட் பரிசோதகர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். பஸ்ஸில் ஏறிய மாத்திரத்தில், நாற்பது தலைகளுக்கு நடுவே டிக்கெட் எடுக்காத தலை எது என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்தத் திறமை வேலை முடிந்ததும் டிப்போவிலேயே தங்கிவிடாமல் வீடு வரை கூடவே வந்துவிடுகிறது என்பது அவர் குடும்பத்தாரின் குறை. அவரோ அதைக் குறையாக நினைத்ததே இல்லை.

இப்போது அவர் வந்த காரியம் எளிமையானது. இந்தக் கடையில் வாங்கிய மிஷினை இவர்கள் தலையிலேயே கட்டிவிட்டு, நம்பிக்கையான ஒன்றாகப் பார்த்து எடுத்துப் போக வேண்டும். இதோடு இரண்டு மிஷின் பார்த்தாயிற்று. வாங்கப்போவது மூன்றாவது, அதுவே கடைசி. அப்படிச் சொல்லிவிட்டுச் சுவரோரம் அடுக்கியிருந்த மிஷின்களை, பஸ்ஸில் சீட்டு சீட்டாக நகர்வது போலவே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒன்றும் அவர் கண்ணுக்குத் தேறவில்லை.

சின்னதைக் கையில் எடுத்து, இது தாடி மழிக்கிறதுக்கா என்று கேட்டார். பெரியதைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே இறக்கினார். இதைத் தூக்க ஓர் ஆள் வைக்க வேண்டும், அந்த ஆளிடம் ஒரு கோடாலியைக் கொடுத்தால் அவனே விறகையும் வெட்டிப் போட்டுவிடுவானே, அப்புறம் மிஷின் எதற்கு என்றார். பேட்டரியில் ஓடுவது தங்கள் வீட்டுக்குச் சரிவராதாம். செல்போனுக்குச் சார்ஜ் போடவே நாலு பேரும் மறந்துவிடுகிற வீடு. நினைவு வந்தாலும், காலியான ப்ளக் பாயின்டைக் கண்டால் அவர் மகள் வேறு எதையாவது செருகிவிடுவாளாம்.

மெக்கானிக் ஒரு விரலைத் தூக்கினார். உதட்டிலிருந்து நட்டுகளை எடுக்கப் போனார்.

"இருங்க தம்பி, நான் முடிச்சிடறேன்," என்றார் பரிசோதகர்.

முதல் மிஷின் கரண்டில் ஓடுவது. சந்தைப் பக்கத்துக் கடையில் வாங்கியது. முதல் நாள் அது அறுத்த அழகைச் சொல்லி மாளாதாம். ஏழு கட்டையை முள்ளங்கி நறுக்குகிற மாதிரி நறுக்கித் தள்ளியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வேலியில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். மனைவிகூட ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் ஒரு வேலை செய்வதை அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் அதே மிஷின், அதே கட்டை. உய்யென்று கத்துகிறது, புகைகிறது, மாவு மாதிரிக் கொஞ்சம் தூளைத் துப்புகிறது. அறுக்க மட்டும் மாட்டேன் என்கிறது.

"ஒரே ஒரு நாளு அறுக்கிற மாதிரி செஞ்சு விக்கிறாங்க, தம்பி. வேற என்ன? ராத்திரியோட ராத்திரியா பல்லு மழுங்கிடுமா? சொல்லுங்க."

மெக்கானிக் தலையை இல்லை என்பதாக ஆட்டினார். பரிசோதகருக்கு அது ஆமோதிப்பாகப் பட்டது.

அந்தக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போனீர்களா என்று மெக்கானிக்கின் புருவம் கேட்டிருக்க வேண்டும். போகவில்லையாம். அந்தக் கடைக்காரன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது, திருப்பி எடுக்கிற முகமில்லை. மிஷினைப் பரணில் ஏற்றிவிட்டு நேரே இங்கே வந்து இந்தப் பெட்ரோல் மிஷினை வாங்கினார். வாங்கிய அன்று இதே வாசலில் மெக்கானிக்கே ஒரு கட்டையை அறுத்துக் காட்டினார். அதுவும் முள்ளங்கிதான். வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் காலையில் கட்டையில் வைத்தால் பழைய குருடி கதை.

ஆனால் அவர் ஒன்றும் ஏமாளி இல்லையாம். இரண்டு மிஷினுக்கும் ஒரே வியாதி என்றால், வியாதி மிஷினில் இல்லை, வீட்டைச் சுற்றி எங்கோ இருக்கிறது என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டார். சுற்றி இருப்பது யார்? அடுத்த வீட்டில் மச்சினன். மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இரண்டு வீட்டுக்கும் பின்னால் விறகுக் கொட்டகை ஒன்றுதான். பதினோரு குளிர்காலமாக, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பழைய ரம்பத்தின் இந்தப் பக்கம் இவரும் அந்தப் பக்கம் அவனும் நின்று அறுத்துத்தான் இரண்டு வீட்டுக் கணப்பும் எரிந்தது.

அவனோடு ரம்பம் இழுப்பது எவ்வளவு தொல்லை என்று மெக்கானிக்குத் தெரியாது. இழுக்கிற நேரத்தில் வேன் பிள்ளைகள் பேசியதை அப்படியே பேசிக் காட்டுவான். இவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் பிடி தளரும், ரம்பம் வளையும், கட்டை கோணலாக அறுபடும். அப்புறம் கோணலுக்குக் காரணம் யார் என்று அரை மணி நேரம். பதினோரு வருஷமும் இதே கூத்து. ஒரு வருஷம் மார்ச் மாதம் வரை அந்த வாக்குவாதம் ஓயவே இல்லை.

இதைச் சொல்லும்போது பரிசோதகர் முகம் எரிச்சலை மறந்து சற்று எங்கோ போயிருந்தது. தானே அதைக் கவனித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மிஷின் வாங்கின அன்னிக்கே வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து கேக்கறான்: அத்தான், நாளைக்கு எனக்கும் ரெண்டு கட்டை. ரெண்டு கட்டைன்னா என்ன தம்பி அர்த்தம்? இருபதுன்னு அர்த்தம். நான் என்ன நேத்திக்குப் பொறந்தவனா?"

அதனால் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். இந்த இடத்தில் குரலைத் தணித்து, யாருக்கும் சொல்லாத வித்தையைச் சொல்வது போல மேஜைமேல் குனிந்தார். சாயங்காலம் ஆனதும் மூடியைத் திறந்து, அறுக்கும் பற்கள் உள்ள செயினைத் தனியாகக் கழற்றிவிடுவாராம். பழைய பேப்பரில் சுற்றி, மனைவியின் பீரோவில் கம்பளிச் சால்வைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம். கொட்டகையில் இருப்பது வெறும் மிஷின். மச்சினன் வந்து எடுத்துப் பார்த்தாலும் அதை வைத்து வெண்ணெயைக்கூட அறுக்க முடியாது. செயின் எங்கே என்று கேட்டால், சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று பதிலும் தயார். காலையில் பூட்டைத் திறந்து, செயினைத் தன் கையாலேயே மாட்டிக்கொள்வார். முதல் மிஷினுக்கும் அப்படித்தான், இதற்கும் அப்படித்தான். ஒரே சங்கடம், சால்வையில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. அதைப் பற்றி வீட்டில் இன்னும் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

மெக்கானிக்கின் கைகள் நின்றுவிட்டன.

இதற்கு மேலும் பல் மழுங்கியது எப்படி என்று கேட்டால், அதற்கும் பரிசோதகரிடம் விடை இருந்தது. மத்தியானம் அவர் ஒரு மணி நேரம் கண்ணயர்வது வழக்கம். செயின் அப்போது மிஷினில்தான் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் மச்சினன் எடுத்து, ஆணி அடித்த பழைய கதவுப் பலகை எதையாவது அறுத்திருப்பான். தெருவே அதிர்கிற சத்தத்தில் உங்கள் தூக்கம் கலையவில்லையா என்றுதான் மகளும் கேட்டாள். தன் தூக்கம் அவ்வளவு நல்ல தூக்கம் என்று அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொன்னார்.

பெட்ரோல் மிஷின் வாங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எல்லாரையும் கூட்டிவைத்து அதை ஓட்டிக் காட்டினார். மச்சினன் குடும்பம், மாமனார், மாமியார், தன் வீட்டார் என்று மொத்தம் எட்டுப் பேர். மாமனாருக்குப் போர்வை போர்த்தி நாற்காலி போட்டிருந்தது. கயிற்றை இழுத்தார். மிஷின் கர்ஜித்தது. கட்டையில் வைத்தார். கட்டையிலிருந்து புகை வந்தது. எல்லாரும் இருமினார்கள். மாமனார் ஐந்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, விறகை வெட்டிவிட்டுத்தானே மாப்பிள்ளை எரிப்பார்கள், நீங்கள் எரித்துவிட்டு வெட்டப்போகிறீர்களா என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் சிரித்தார். மச்சினனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான். சாப்பிட உட்கார்ந்ததும் பரிசோதகர் எட்டுப் பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். நான் தூங்கும்போது என் பொருளை எடுத்துக் கெடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறவனை நான் இருபத்தாறு வருஷமாகப் பஸ்ஸில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். மச்சினன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அத்தான், அந்த மிஷினை நான் தொட்டதே இல்ல," என்றான். "அக்கா, நாங்க கிளம்பறோம்."

இன்றோடு பதினாறு நாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிடையாது. மனைவி அவரிடம் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான் வருகிறது. அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு. அப்பாவிடம் கேளு, ஊருக்கெல்லாம் டிக்கெட் கேட்கிறவர் தன் தம்பி என்றால் கேட்பாரா என்று. மச்சினனைத் தம்பி என்று நினைத்ததில்லையா என்று அதற்கு அர்த்தம். அது அவருக்குப் புரியாமலில்லை.

"இன்னொண்ணு கேளுங்க தம்பி. தெனம் காலைல எங்க சமையக்கட்டுப் பின்வாசல்ல ஒரு கட்டு விறகு இருக்கு. அளவா அறுத்து, பொளந்து, கயிறு போட்டுக் கட்டி. யார் வெக்கிறாங்கன்னு யாரும் சொல்றதில்ல. அவ அதை எடுத்து எரிக்கிறா. நான் அந்த நெருப்புப் பக்கம் போறதில்ல. ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மாடி ரூம்ல உக்காந்துக்கறேன். நமக்கும் ரோஷம்னு ஒண்ணு இருக்கில்ல?"

கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினார். பதினாறு நாளாக ஜலதோஷம். அதனால்தான் இன்றைக்கு ஒரு நல்ல மிஷினாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். யார் கையும் படாமல், ஒற்றை ஆளாக, முற்றத்தில் கிடக்கிற அத்தனை கட்டையையும் தானே அறுத்து அடுக்கிக் காட்ட வேண்டும். அப்போது தெரியும் எல்லாருக்கும்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் கையைப் பிடித்து மிஷின் அருகே இழுத்து, பட்டையான இரும்பு பிளேடின் ஓரத்தில் செதுக்கியிருந்த சின்னப் படத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு பல்லின் படம். நுனி முன்பக்கம் பார்த்திருந்தது.

தெரியும், அது கம்பெனி முத்திரை என்றார் பரிசோதகர்.

மெக்கானிக் அதே விரலை நகர்த்திச் செயினின்மேல் வைத்தார். அதன் மேல்வரிசையில் இருந்த பற்கள் அத்தனையும் பின்பக்கம் பார்த்திருந்தன. ஒரு பல்லை, இன்னொரு பல்லை, மூன்றாவது பல்லை, அவசரப்படாமல் காட்டினார். பிறகு செயினைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்டினார். மூடியை வைத்தார். உதட்டிலிருந்து ஒரு நட்டை எடுத்து முடுக்கினார். இன்னொன்றை எடுத்து முடுக்கினார். வாய் இப்போது காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் பேசவில்லை. மிஷினை வாசலுக்கு எடுத்துப்போய்க் கயிற்றை இழுத்து, அங்கே கிடந்த கட்டையின்மேல் இறக்கினார்.

கட்டை இரண்டாக விழுந்தது. நகக்கண் அளவு சீவல்கள் பறந்துவந்து பரிசோதகரின் ஷூவின்மேல் குவிந்தன.

மிஷின் நின்ற பிறகு பரிசோதகர் குனிந்து, அறுபட்ட கட்டையின் முகத்தைத் தடவிப் பார்த்தார். தெருவில் ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டது. பரணில் கிடக்கிற முதல் மிஷின் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு மெதுவாக, பீரோவில் வைத்த செயின் தானாகத் திரும்பிக்கொள்ள வாய்ப்புண்டா என்று கேட்டார். மெக்கானிக் இல்லை என்று தலையை ஆட்டினார். பேப்பரில் சுற்றும்போது? அதற்கும் தலையாட்டல்தான்.

"தம்பி, ஒரு உதவி. மிஷின்லயே கோளாறு, அதான் இப்படின்னு... உங்க கடை சீட்டுல ரெண்டு வரி எழுதித் தர முடியுமா? வீட்டுல காட்டறதுக்கு. இல்ல, நீங்க கையெழுத்துகூடப் போட வேணாம். சும்மா, கடை பேரு மட்டும் மேல இருந்தா போதும்."

மெக்கானிக் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமில்லை, சிரிப்புமில்லை. அவசரமே இல்லாமல், அடுத்த நிறுத்தம் வரை நேரம் இருக்கிறது என்பது போன்ற பார்வை. பரிசோதகருக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். டிக்கெட் எடுக்காதவர்களைத் தினமும் அவர் பார்க்கிற பார்வை அது. அதன் எதிரே நிற்பவனுக்குக் காது எப்படிச் சூடாகும் என்பது மட்டும் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது.

சீட்டு வேண்டாம் என்றார். புது மிஷினும் வேண்டாம் என்றார். இதையே ஒரு பையில் போட்டுத் தரச்சொன்னார். மெக்கானிக் பையைத் தேடி உள்ளே போனதும் ஷூவின்மேல் இருந்த சீவல்களைத் தட்டிவிட்டார், செல்போனை எடுத்தார், மகளைக் கூப்பிட்டு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த எட்டுப் பேரையும் மறுபடி சாப்பிடக் கூப்பிட்டு, செயினைத் தலைகீழாக மாட்டியது தான்தான் என்று எல்லார் முன்னாலும் மச்சினனிடம் சொல்வது என்று அவர் முடிவு செய்திருந்தார்.