கொய்யாக் கரி

பன்றி விலாவை அவசரப்படுத்தக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பெருந்தீயில் வைத்தால் மேலே கருகிவிடும், எலும்போரம் வேகாது. ரோஸ் பெல் தோட்டத்து மானேஜர் பங்களாவில் பன்னிரண்டு வருடம் சமைத்தவள் சொல்கிறேன். அங்கே கல்லால் கட்டிய புகையறை இருந்தது. எங்கள் தகரக்கூரை வீடுகளில் அதற்கு எங்கே போவது?

பக்கத்து வீட்டுத் தையற்காரி யொலாந்த் அதைத்தான் கேட்டாள். "மோ சேர் தெய்வானை, புகையறை இல்லாம அந்த ருசி வருமா?" சகோதரி என்று கூப்பிடுகிறவளிடம் எப்படி மறைப்பது? கிராம்பும் பூண்டும் சர்க்கரைப் பாகும் தடவி ஊறவைத்து, இரும்புச் சட்டிக்குள் கொய்யாக் கரித் தணலையும் ஈரக் கரும்புச் சோகையையும் போட்டு, மேலே கம்பி வலையில் விலாவை அடுக்கி மூடச் சொன்னேன். முற்றத்தில் வைத்துச் செய் என்றும் சொன்னேன்.

என் வீட்டுக்குள் பன்றிக்கறி வராது. காவடி விரதம் முடிந்த அடுத்த ஞாயிறு, என் புருஷன் ராமசந்திரன் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். அவர் மீசையில் என் மசாலா மணத்தது. கேட்டேன். மறைக்கவில்லை.

"நீ பங்களாவுக்குச் சமைக்கிற. அவ எனக்குன்னு சமைக்கிறா."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் இன்னொரு கரண்டி கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை புயல் எச்சரிக்கை வந்தது. ஆலைக் கூரையைக் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். நண்பகலில் யொலாந்த் வேலியோரம் வந்தாள். கறி ஊறிவிட்டது, மழையில் எங்கே வைப்பது என்றாள். உள்ளேயே வை என்றேன். சந்துகளில் துணியைத் திணி, புகை வெளியே போகக் கூடாது என்றேன்.

"தல சுத்தாதா?"

"சுத்தினா கொஞ்சம் படுத்துக்கோ."

இரண்டு வருடம் முன்பு, பங்களா வண்ணான் க்ளெமான் குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். மறுநாள் அவன் பிணத்தைத் தூக்கி வெளியே போட்டவர்களில் நானும் ஒருத்தி. தூங்குகிறவன் போலத்தான் இருந்தான்.

அன்று சாயங்காலம் தெருவே பலகை அறைந்துகொண்டிருந்தது. நானும் சுத்தியலோடு போய் யொலாந்தின் ஜன்னல்களை வெளியிலிருந்து அடைத்தேன். அவள் உள்ளிருந்து நன்றி சொன்னாள்.

அவர் அங்கே இருந்தது தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஜன்னலின் கடைசிப் பலகை இடுக்கில் பார்த்தேன். அவளுடைய கட்டிலில் சாய்ந்து எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு வை," என்றார்.

நான் நிதானமாகவே ஆணி அடித்தேன். பிறகு என் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. காற்று என்று வைத்துக்கொண்டேன்.

பொறாமை என்று எழுதாதீர்கள், ஐயா. பொறாமைக்காரியாக இருந்தால் முதலில் கதவுக்குத்தானே பலகை அறைந்திருப்பேன்? அதற்குக் கடைசியில்தான் அறைந்தேன்.